எழும்பத் தெரியாத உறக்கம்

கற்பிட்டித் தீபகற்பத்தில் கரண்ட் போவது செய்தியல்ல. போன கரண்ட் வருவதும் செய்தியல்ல. இரண்டுக்கும் நடுவில் எவையெல்லாம் உறங்கப் போயின, அவற்றில் எவை ஒழுங்காக எழும்பின என்பதே விசாரிக்க வேண்டிய சங்கதி. குளிர்சாதனப் பெட்டி எழும்பிவிடும். கிணற்று மோட்டரும் எழும்பும். இணைய ரவுட்டர் கொஞ்ச நேரம் கண் சிமிட்டிவிட்டு எழும்பும். லினக்ஸ் போட்ட என் லெப்டொப்புக்கு மட்டும் அந்த உறுதியைத் தர முடியாது.

மின்வெட்டு நேரத்தில் பெட்டரியை மிச்சம் பிடிக்க மூடியைச் சாத்திவிடுவோம். திரும்பத் திறந்தால் ஓரத்தில் சிறு விளக்கு எரியும். விசிறி சுற்றும். விசைப்பலகைக்கு அடியில் வெளிச்சம் வரும். திரை மட்டும் கறுப்பு. எந்த விசையைத் தட்டினாலும் அசைவில்லை. செத்துப்போயிருந்தால் ஒரு தெளிவாவது இருக்கும். இது உயிரோடுதான் இருக்கிறது, நம்மோடு பேச மறுக்கிறது. கடைசியில் எல்லாரும் செய்வதைத்தான் செய்ய வேண்டியிருக்கும்: பவர் பொத்தானை அழுத்திப் பிடித்து அணைப்பது. சேமிக்காத பக்கங்கள் அதோடு போகும்.

புத்தளம் டவுனில் லெப்டொப் திருத்தும் தம்பி ஒருவர் பார்த்துவிட்டுச் சொன்னார்: "நானா, இது ஹேங்காகல்ல. உறங்குது, எழும்பத்தான் தெரியல்ல." இவ்வளவு துல்லியமாக நோயைச் சொன்னவர் மருந்தாக வழக்கமானதையே சொன்னார்: "லினக்ஸ அழிச்சிட்டு விண்டோஸப் போடுங்களேன்."

அந்த ஆலோசனையில் பிழையில்லை என்பதுதான் எரிச்சல். விண்டோஸில் அநேகமாக எழும்பும். ஆனால் 2022இல் ரூபா சரிந்து, இருநூறுக்கு வாங்கிய டொலர் சில வாரங்களில் முந்நூற்றைம்பதைத் தாண்டியபோது, பழைய லெப்டொப்பை இன்னும் சில வருடம் இழுத்துக்கொண்டு போவது என்று முடிவெடுத்த பல வீடுகளில் எங்கள் வீடும் ஒன்று. புதிய விண்டோஸ் தாங்காத இயந்திரத்தில் லினக்ஸ் ஓடுகிறது. எழுதலாம், வாசிக்கலாம், பிள்ளைகள் படிக்கலாம். அதே 2022 மார்ச் கடைசியில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை மின்வெட்டு அறிவிக்கப்பட்டது. லெப்டொப்பை உறங்க வைத்து எழுப்புவது என்பது வசதி என்ற நிலையிலிருந்து வாழ்க்கை முறை என்ற நிலைக்குப் போனது அப்போதுதான்.

உறக்கம் என்று ஒரே சொல்லால் சொல்கிறோம். இயந்திரத்துக்குள் அது பல படிகள். முதலில் ஓடிக்கொண்டிருக்கும் நிரல்கள் எல்லாம் அப்படியே உறைய வேண்டும். இதற்கு லினக்ஸின் மையமான கேர்னல் கொடுக்கும் அவகாசம் 20 வினாடி. அதற்குள் ஒரு நிரல் அடங்காவிட்டால் உறக்கமே கைவிடப்படும். அடங்கிய பிறகு கருவிகள் ஒவ்வொன்றாக. இதில் ஓர் ஒழுங்கு இருக்கிறது: பிள்ளை முதலில், தாய் பிறகு. யூஎஸ்பியில் செருகிய பொருள் உறங்கிய பின்பே அந்த யூஎஸ்பியை ஆளும் சில்லு உறங்கலாம். அதன் பிறகே அதற்கும் மேலுள்ளது. எழும்பும்போது இதே வரிசை தலைகீழ். தாய் எழும்பாமல் பிள்ளை எழும்ப முடியாது. நடுவில் எங்காவது ஒன்று எழும்ப மறுத்தால், அதற்குப் பின்னால் நிற்பவை எல்லாம் தம் முறைக்காகக் காத்துக்கொண்டே நிற்கும். கறுப்புத் திரைக்குப் பின்னால் பெரும்பாலும் நடப்பது இந்தக் காத்திருப்புத்தான்.

எல்லாம் அடங்கிய பிறகும் ஒன்று உறங்குவதில்லை: நினைவகம். நாம் ரேம் என்று சொல்லும் அந்தச் சில்லு, தன்னிடம் உள்ளதை மின்னேற்றமாகப் பிடித்து வைத்திருக்கிறது. அந்த மின்னேற்றம் கசியும். ஆகவே 64 மில்லி வினாடிக்கு ஒரு தடவை, அதாவது வினாடிக்குப் பதினைந்து தடவைக்கு மேல், அது ஒவ்வொரு வரியையும் திரும்ப எடுத்துத் திரும்ப எழுதிக்கொண்டிருக்கிறது. நீங்கள் பாதியில் விட்ட வாக்கியம், திறந்து வைத்த படம், சுட்டி நின்ற இடம் எல்லாம் இப்படி ஓயாமல் ஓதப்பட்டுக்கொண்டிருப்பதால்தான் இருக்கின்றன. ஆழ்ந்த உறக்கம் என்று கேர்னல் பெயரிட்டிருக்கும் நிலையில்கூட இந்த ஓதல் நிற்காது. நின்றால் எழும்புவதற்கு ஆளில்லை.

இதை நினைக்கும்போது எனக்கு எங்கள் கரையின் பெரிய இயந்திரம்தான் ஞாபகம் வருகிறது.

நுரைச்சோலை அனல்மின் நிலையத்தின் புகைபோக்கியைக் கற்பிட்டி வீதியில் போகிற எவரும் பார்க்காமல் போக முடியாது. 300 மெகாவாட் வீதம் மூன்று மின்பிறப்பாக்கிகள். முதலாவது 2011 மார்ச்சில் தொடக்கி வைக்கப்பட்டது. 2014 செப்டெம்பரில் அடுத்த கட்டத்தைத் திறந்து வைத்த நிகழ்வில் சீன ஜனாதிபதியும் இருந்தார். நாட்டின் மின்சாரத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு இந்த மணல் திட்டிலிருந்து போகிறது. போகிறது என்பதே சரி. நின்றால் முதலில் இருளில் உட்காருபவர்களில் நாங்களும் உண்டு. சாம்பல் தூசிக்கு மட்டும் மின்வெட்டு அட்டவணை கிடையாது.

2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை, முற்பகல் பதினொன்றரை மணியளவில் நாடு முழுவதும் மின்சாரம் போனது. பாணந்துறை உபமின் நிலையத்தில் ஒரு குரங்கு கம்பியில் பட்டதே காரணம் என்று அமைச்சர் சொன்னார். உலகமே சிரித்தது. சிரிப்பு அடங்கிய பிறகு பொறியியலாளர்கள் சொன்ன விளக்கம் யாருக்கும் அவ்வளவாக ஞாபகமில்லை: விடுமுறை நாள், பாவனை குறைவு, கூரைகளில் சூரிய மின்சாரம் நிறைய, சுழலும் பெரிய பொறிகள் கொடுக்கும் நிலைத்தன்மை கொஞ்சம். ஆகவே சிறு தடுமாற்றத்தைத் தாங்க முடியவில்லை. சில வினாடிகளில் நாடு உறங்கிவிட்டது. அன்று மாலைக்குள் பெரும்பாலான இடங்களில் வெளிச்சம் வந்தது. நுரைச்சோலை மட்டும் எழும்பவில்லை. அடுத்து வந்த நாட்களில் சுழற்சி முறையில் மின்வெட்டு. 2020 ஓகஸ்ட் 17இலும் இதே கதைதான். கெரவலப்பிட்டியில் பிழை, நாடு இருளில், அன்றிரவே மின்சாரம், ஆனால் நுரைச்சோலை திரும்ப ஓடும்வரை நாட்கணக்கில் மின்வெட்டு.

நிற்க வினாடி, எழும்ப நாட்கள். ஏன்? நிலக்கரியை அரைக்கும் ஆலைக்கும், கொதிகலனுக்குக் காற்றூதும் விசிறிகளுக்கும், நீரை உள்ளே தள்ளும் பம்புகளுக்கும் மின்சாரம் வேண்டும். மின்சாரம் செய்ய மின்சாரம் வேண்டும். நாடே இருளில் இருக்கும்போது அதை வெளியிலிருந்து யாராவது கொடுத்தால்தான் உண்டு. இலங்கையில் அந்த யாராவது மலைநாட்டு நீர்மின் நிலையங்கள். மதகைத் திறந்தால் நீர் விழும், சக்கரம் சுற்றும், அவற்றுக்குப் பெரிதாக எவர் தயவும் வேண்டாம். அங்கே பிறந்த மின்சாரம் கம்பி வழியாக மெல்ல மெல்ல இறங்கிக் கரைக்கு வந்து இந்தப் பெரிய உருவத்தைத் தட்டி எழுப்ப வேண்டும். தட்டினாலும் அது உடனே எழும்பாது. முதலில் எண்ணெய் எரித்துக் கொதிகலனைச் சூடாக்கி, அதன் பிறகே நிலக்கரிக்குப் போகலாம். அவசரமாகச் சூடாக்கினால் குழாய்கள் வெடிக்கும்.

ஆனால் இதிலெல்லாம் என்னை நிறுத்தி வைத்த விஷயம் வேறு. நீராவிச் சுழலியின் அச்சு பல தொன் எடையுள்ள இரும்பு. ஓடும்போது அதன்மேல் படுவது 500 பாகை செல்சியஸைத் தாண்டிய நீராவி. திடீரென்று நிறுத்தி அப்படியே விட்டால், மேல்பக்கம் ஒரு சூட்டிலும் கீழ்ப்பக்கம் ஒரு சூட்டிலுமாக ஆறி அச்சு வளைந்துவிடும். வளைந்த அச்சைத் திரும்ப ஓட்ட முடியாது. ஆகவே உலகத்தில் எந்த அனல்மின் நிலையத்திலும், நின்ற சுழலியை நிற்க விடுவதில்லை. ஒரு சிறு மோட்டர் அதை மிக மெதுவாகச் சுழற்றிக்கொண்டே இருக்கும், இரும்பு ஆறும்வரை, மணிக்கணக்காக, சில வேளை நாட்கணக்காக. வெளியே மின்சாரம் அற்றுப்போனாலும் இந்த ஒரு வேலைக்கும், அச்சைத் தாங்கும் எண்ணெய்க்கும் தனியாக டீசலும் பெட்டரியும் வைத்திருப்பார்கள். நிலையம் மூடிவிட்டது என்று வானொலி சொல்லும் நேரத்திலும் உள்ளே அது உருண்டுகொண்டுதான் இருக்கும்.

ரேமின் ஓதலும் இந்த உருளலும் ஒரே காரியம். முழுதாக உறங்குகிற எதையும் எழுப்ப முடியாது. எழும்ப வேண்டியதற்குள் ஏதாவது ஒன்று விழித்திருக்க வேண்டும், அதற்குச் செலவும் ஆகும்.

லெப்டொப்புக்கு வருவோம். கறுப்புத் திரையைக் கண்டதும் பலர் செய்கிற முதல் காரியம் அணைப்பது. நான் சிபாரிசு செய்வது அதற்கு முன் ஒரு நிமிடப் பொறுமை. பெரிய எழுத்துக்கான கப்ஸ் லொக் விசையைத் தட்டிப் பாருங்கள். ஒவ்வொரு தட்டுக்கும் அதன் சிறு விளக்கு எரிந்து அணைந்தால் கேர்னல் விழித்திருக்கிறது, திரைதான் வரவில்லை. கைபேசியிலிருந்து அதே வைஃபையில் லெப்டொப்பின் முகவரியைக் கூப்பிட்டுப் பார்க்கலாம். பதில் வந்தால் கோளாறு பெரும்பாலும் வரைகலைச் சில்லில், அதன் டிரைவரில். பதிலுமில்லை, விளக்குமில்லை என்றால் உள்ளே எங்கோ வரிசை அறுந்திருக்கிறது. அதற்கும் ஒரு பழைய தந்திரம் உண்டு: ஆல்ட்டையும் பிரிண்ட் ஸ்கிரீன் விசையையும் பிடித்துக்கொண்டு எஸ், யூ, பி என மூன்றெழுத்தை நிதானமாகத் தட்டுவது. கேர்னலின் கடைசி மூச்சு மிச்சமிருந்தால் வன்தட்டில் எழுத வேண்டியதை எழுதி, தட்டை வாசிப்புக்கு மட்டும் என்று பூட்டி, பிறகு மறுபடி தொடங்கும். வெறுமனே பொத்தானை அமுக்கிக் கொல்வதைவிட இது மரியாதையான வழி.

பிறகு பதிவேட்டைப் பார்க்க வேண்டும். லினக்ஸ் தான் செய்வதையெல்லாம் எழுதி வைக்கிற குணமுள்ளது. ஆனால் இந்த நோயில் அந்தக் குணம் உதவாது. முந்தைய ஓட்டத்தின் பதிவேட்டைத் திறந்தால் கடைசி வரி, உறங்கப் போகிறேன் என்ற பொருளில் ஒரு வரியாக இருக்கும். அதற்குப் பிறகு வெற்றிடம். காரணம் எளிது. எழும்பும் வழியில் விழுந்தபோது தட்டு இன்னும் எழும்பியிருக்கவில்லை, எழுத இடமில்லை. திரையில்லை, வலையமைப்பு இல்லை. ரேமில் எழுதினால் நாம் பொத்தானை அழுத்தியதும் அது அழிந்துவிடும். எந்த இடத்தில் விழுந்தோம் என்பது விழுந்த கேர்னலுக்குத் தெரியும், சொல்ல வாயில்லை.

லினக்ஸை உருவாக்கிய லினஸ் தோர்வால்ட்ஸ் 2006இல் இதற்கு ஒரு வழி எழுதினார். அந்த நிரலை நான் வாசித்ததுண்டு. நிரல் என்பதைவிட அது ஒரு விரக்திச் சிரிப்பு. அணைத்து மறுபடி தொடங்கினாலும் மாறாமல் எதையாவது வைத்திருக்கிற பாகம் கணினியில் எது என்று தேடிப் போனால் கடைசியில் மிஞ்சுவது ஒன்றே ஒன்று: கடிகாரம். அதற்கென்று தனியாக ஒரு பொத்தான் பெட்டரி இருக்கிறது. கணினி உறங்கினாலும் செத்தாலும் அது ஓடும். ஆகவே அவர் செய்தது இது: எழும்பும் வழியில் ஒவ்வொரு படியையும் தாண்டும்போது, அந்தப் படியின் அடையாளத்தை ஓர் எண்ணாக்கி, அந்த எண்ணைத் திகதியாகவும் நேரமாகவும் மாற்றிக் கடிகாரத்தில் எழுதிவிடுவது. வருடம் நூறு, மாதம் பன்னிரண்டு, நாள் இருபத்தெட்டு (முப்பது, முப்பத்தொன்றோடு மல்லுக்கட்ட அவருக்கு விருப்பமில்லை), மணி இருபத்து நான்கு, நிமிடத்தை மும்மூன்றாகப் பிரித்தால் இருபது. பெருக்கினால் 1 கோடியே 61 லட்சத்து 28 ஆயிரம். அவ்வளவுதான் மொத்த இடம். அதற்குள் கோப்பின் பெயர், வரி எண், கருவியின் பெயர் மூன்றையும் சுருக்கி அடைத்திருக்கிறார். அணைத்த பிறகு மூன்று நிமிடத்துக்குள் மறுபடி தொடங்கிவிட வேண்டும், பிந்தினால் கடிகாரம் நகர்ந்து வாக்குமூலம் கலைந்துவிடும். தொடங்கியதும் கேர்னல் கடிகாரத்தைப் படித்து, இந்த எண்ணோடு இந்த வரி பொருந்துகிறது, இந்தக் கருவி பொருந்துகிறது என்று எழுதிக் காட்டும்.

விலை என்னவென்றால் நேரம் போய்விடும். கணினி எழும்பும்போது ஏதோ ஒரு வருடத்தின் ஏதோ ஒரு மாதத்தில் இருக்கும். என் லெப்டொப்பில் தொழுகை நேரத்துக்கு அதான் சொல்லும் ஒரு சிறு நிரல் இருக்கிறது. நான் இந்தச் சோதனையைச் செய்த அன்று அது நடுப்பகலில் சுபஹுக்கு அழைத்தது. உம்மா அறையிலிருந்து எட்டிப் பார்த்து, "அந்தப் பெட்டிக்கு என்ன பைத்தியமா?" என்று கேட்டார். பைத்தியமில்லை உம்மா, எங்கே விழுந்தது என்று சொல்கிறது என்றேன். அவர் நம்பவில்லை.

என் கடிகாரம் சொன்ன பெயர் வைஃபை சில்லு. இந்த முறையில் ஓர் எண்ணுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட பெயர்கள் பொருந்தலாம் என்பதால் ஒரே தடவையில் தீர்ப்பெழுதக் கூடாது. திரும்பச் செய்தபோதும் அதே பெயர் வந்தது. உறங்கப் போகுமுன் அந்தச் சில்லின் டிரைவரைக் கழற்றிவிட்டு, எழும்பியதும் மாட்டும்படி சில வரிகள் எழுதி வைத்தேன். பெரும்பாலும் சரியானது. பெரும்பாலும் என்பதுதான் இந்தத் துறையில் மிகக் கெட்ட சொல்.

கரையில் இருப்பவர்களுக்கு இன்னொரு சந்தேகமும் வேண்டும். இங்கே காற்றில் உப்பு. பாலாவிப் பக்கம் உப்பளங்கள், மேற்கே திறந்த கடல், கிழக்கே களப்பு. ஜன்னல் கொக்கியைத் தின்கிற காற்று ரேமின் பொன்முலாம் பூசிய முனைகளை மட்டும் சும்மா விடுமா? தொடுப்பு மங்கினால் விழித்திருக்கும்போது ஓடுகிற கணினி, உறங்கி எழும்பும்போது மட்டும் தடுக்கி விழும். டவுன் தம்பி கேர்னல் பற்றியெல்லாம் பேசமாட்டார். ரேமைக் கழற்றி, பிள்ளைகளின் அழிறப்பரால் முனைகளைத் தேய்த்து, ஊதித் துடைத்துத் திரும்ப மாட்டுவார். பாதிக் கணினிகள் அதிலேயே குணமாகின்றன என்று அவர் சொல்வதை நான் நம்புகிறேன்.

என்னுடையது அந்தப் பாதியில் இல்லை. அதன் கோளாறு இன்னும் அடியில், லினக்ஸுக்கும் கீழே, பயோஸ் என்கிற ஆதி நிரலில் இருந்தது. இந்த இடம் கொஞ்சம் அரசியல். கணினியின் உறக்கத்தை யார் ஆள்வது என்பதற்கான நியமத்தை 1996இல் இன்டெல், மைக்ரோசொப்ட், தோஷிபா மூன்றும் சேர்ந்து வெளியிட்டன. 1999 ஜனவரியில் பில் கேட்ஸ் தன் ஊழியர்களுக்கு எழுதிய மின்னஞ்சல் ஒன்று பின்னாளில் அமெரிக்காவின் ஐயோவா மாநில வழக்கொன்றில் வெளிவந்தது: நாம் பாடுபட்டுச் செய்த வேலையில் லினக்ஸ் சும்மா பயனடைவதா, இதை எப்படியாவது விண்டோஸுக்கு மட்டும் உரியதாக்க முடியாதா என்ற கவலை அதில் இருந்தது. அப்படி ஒரு சதி நிறைவேறியது என்று நான் சொல்லவரவில்லை. சதிக்கே தேவையில்லாமல் போனது. தயாரிப்பாளர்கள் தம் பயோஸை விண்டோஸில் மட்டும் சோதித்துப் பார்த்தார்கள், அது போதுமாக இருந்தது.

பயோஸ் இயங்குதளத்தைப் பார்த்து நீ யார் என்று கேட்பதற்கு ஒரு வழி உண்டு. பதிலைப் பொறுத்து வேறு வேறு பாதையில் போகும். லினக்ஸ் என்று சொன்னால் பாதி எழுதிய, யாரும் சோதிக்காத பாதைக்குள் போய் விழ நேரும் என்பதைப் பட்டு அறிந்த கேர்னல்காரர்கள் ஒரு முடிவெடுத்தார்கள். நீ விண்டோஸா என்று கேட்டால் ஆம் என்று சொல். நீ லினக்ஸா என்று கேட்டால் இல்லை என்று சொல். இன்றும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருக்கிறது. பெயரைக் கேட்டுப் பாதையை மாற்றுகிற சோதனைச் சாவடிகளைக் கண்ட நாட்டில் இருப்பவனுக்கு இதில் அதிர்ச்சியடைய ஒன்றுமில்லை.

இதை எழுதும்போது இயந்திரத்தோடு மனிதரை ஒப்பிடுகிறேனோ என்ற கூச்சம் வருகிறது. ஆனால் புத்தளத்தில் இருந்துகொண்டு உறங்கி எழும்புதல், போய்த் திரும்புதல் பற்றி எழுதும் ஒருவர் 1990 ஒக்டோபரைச் சுற்றிக்கொண்டு போக முடியாது. வடக்கிலிருந்து விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்ட முஸ்லிம்கள் ஏறத்தாழ எழுபத்தையாயிரம் பேர். யாழ்ப்பாணத்தில் கொடுத்த அவகாசம் இரண்டு மணித்தியாலம். பெரும்பாலோர் வந்து சேர்ந்தது இந்தக் கரைக்கு. தில்லையடியிலும் ஆலங்குடாவிலும் ஓலைக் கொட்டில்களில் தொடங்கியது அவர்கள் வாழ்க்கை. போர் முடிந்து திரும்பலாம் என்றானபோது, மன்னாரில் முசலிப் பக்கம் மறிச்சுக்கட்டிக்கும் அயல் ஊர்களுக்கும் போனவர்கள் கண்டது காடு. இருபது வருடத்தில் மரம் வளர்ந்து, அந்தக் காட்டில் ஒரு பகுதி பாதுகாக்கப்பட்ட வனம் என்று வர்த்தமானியிலும் ஏறியிருந்தது. தம் நினைவில் வைத்திருந்த ஊர் பிசகாமல் இருந்தது, திரும்பிப் போன நிலம்தான் மாறியிருந்தது. அவர்களைக் காடழிப்பவர்கள் என்று எழுதிய பத்திரிகைகளும் உண்டு.

இந்த இடைக்காலம் முழுதும் அவர்கள் ஒன்றை உறங்க விடவில்லை. வாக்காளர் பட்டியலில் பெயர். புத்தளத்தில் வீடு, புத்தளத்தில் கடை, புத்தளத்தில் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம், மையித்தை அடக்கப் புத்தளத்து மண். ஆனால் பலர் தம் வாக்கை மன்னாரிலேயே வைத்திருந்தார்கள். வருடா வருடம் படிவம் நிரப்பி, கிராம சேவகரைக் கண்டு, கையெழுத்து வாங்கி, அந்தப் பெயரை அங்கே புதுப்பித்துக்கொண்டிருந்தார்கள். இரண்டு இடத்திலும் உரிமை கொண்டாடுகிறார்கள் என்று புத்தளத்து ஆட்களே முணுமுணுத்ததை நான் கேட்டிருக்கிறேன். முணுமுணுத்தவர்களுக்கு விளங்காதது, அந்தப் பெயர் அழிந்தால் திரும்புவதற்கான ஆளே பட்டியலில் இல்லாமல் போகும் என்பது. 2019 நவம்பர் 16, ஜனாதிபதித் தேர்தல் நாள், அப்படி வாக்களிக்கப் புத்தளத்திலிருந்து மன்னாருக்குப் போன பஸ்களை விடியுமுன் தந்திரிமலையில் மறித்துக் கல்லெறிந்தார்கள், துப்பாக்கியாலும் சுட்டார்கள். உயிர்ச்சேதம் இல்லை. பஸ்கள் மேலே போயின.

லெப்டொப்பின் கதை முடிந்த விதம் வேடிக்கையானது. தயாரித்த நிறுவனம் பயோஸுக்குப் புதிய பதிப்பு வெளியிட்டிருந்தது. அதில் உறக்கம் சம்பந்தமான திருத்தம் உண்டு என்று ஒரு வரியும் எழுதியிருந்தது. ஆனால் அதை ஏற்றும் நிரல் விண்டோஸில் மட்டுமே ஓடும். லினக்ஸிலேயே பயோஸைப் புதுப்பிக்கும் பொதுச்சேவை ஒன்று இருக்கிறது, பல தயாரிப்பாளர்கள் அதில் சேர்ந்திருக்கிறார்கள். என்னுடையவர் சேரவில்லை. டவுன் தம்பியிடம் போனேன். அவர் என் தட்டைக் கழற்றி வைத்துவிட்டு, விண்டோஸ் உள்ள வேறொரு தட்டை மாட்டி, பயோஸை ஏற்றிவிட்டு, என் தட்டைத் திரும்ப மாட்டிக் கொடுத்தார். "நான் சொன்னதுதானே நானா கடைசில நடந்தது," என்றார். பாதி உண்மை என்பதால் மறுக்கவில்லை.

அதற்குப் பிறகு அது எழும்பத் தவறவில்லை. வைஃபைக்காக எழுதிய வரிகளையும் எடுத்துவிட்டேன். ஒரு வாரம் கழித்துத்தான் வேறொன்றைக் கவனித்தேன். இரவில் நிறைந்த பெட்டரியோடு சாத்திவைத்தால் காலையில் கால்வாசி குறைந்திருக்கிறது. உறக்க வகைகளைக் காட்டும் கோப்பைத் திறந்து பார்த்தேன். முன்பு அதில் இரண்டு இருந்தன: மேலோட்டமான உறக்கம் ஒன்று, ஆழ்ந்த உறக்கம் ஒன்று. 2012இல் விண்டோஸ், கைபேசி போல எப்போதும் அரைவிழிப்பில் இருக்கும் உறக்கத்தை ஊக்குவிக்கத் தொடங்கியதிலிருந்து தயாரிப்பாளர்கள் ஆழ்ந்த உறக்கத்தை மெல்ல மெல்லக் கைவிட்டு வருகிறார்கள். லெனோவோ 2018இல் தன் புகழ்பெற்ற மாதிரி ஒன்றை அது இல்லாமலே விற்கத் தொடங்கியது. லினக்ஸ் பாவிப்போர் சத்தம் போட்ட பிறகு, பயோஸில் லினக்ஸ் என்றே பெயரிட்ட ஒரு தெரிவாக அதைத் திருப்பிச் சேர்த்தது. என் இயந்திரம் அவ்வளவு புகழ்பெற்றதல்ல. புதிய பயோஸ் ஏறியபின் அந்தக் கோப்பில் மேலோட்டமான உறக்கம் மட்டும்தான் இருக்கிறது.